இன்னும் எட்டுக் கண்ணி

வேன் வாசலுக்கு வந்துவிட்டது. சாரதி என் தம்பி குமாரின் பெரிய பெட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள் பெய்த மழையில் வாசற்படி இன்னும் ஈரமாக இருந்தது. நான் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து, அடியோரத்தில் விரலால் மஞ்சள் தொட்டு, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய் அவனிடம் நீட்டினேன்.

"போட்டுக்கிட்டுப் போ" என்றேன்.

வாங்கி விரித்துப் பார்த்தான். முன்பக்கத்தில் இறங்கும் இரண்டு முறுக்குச் சடைகளையும் விரலால் தடவினான். பிறகு அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டான்.

"வெயிலா இருக்குக்கா. அங்க போய்ப் போட்டுக்கிறேன்."

வெயில் என்று சொல்ல அன்றைக்கு வானத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து மாதம் பின்னியதை ஐந்து நிமிடம் போட்டுக் காட்டக்கூட இவனுக்கு மனம் வரவில்லையே என்று நினைத்தேன். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவன் குனிந்து காலைத் தொட்டபோது தலையில் கை வைத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. வேன் திரும்பும்வரை கூட நிற்காமல் உள்ளே வந்து தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.

கோபத்தில் கழுவினால் கோப்பை நன்றாகச் சுத்தமாகும். அந்தக் காலையில் என்னால் ஆன நன்மை அவ்வளவுதான்.

மடுல்கெல்லக் குளிருக்கு

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருகிறவர்களுக்கு என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயருக்குத்தான் சாந்தி. அப்போது கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் வந்தாலும் திருப்பிக் கொடுப்பேன். என் மேசைக்கு வருமுன் சனங்கள் கதவுக்கு வெளியே நின்று படிவத்தை இன்னொரு தடவை சரிபார்ப்பார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அப்பா போன பிறகு அம்பிட்டிய வீதி வீட்டில் நானும் குமாரும்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, அவனுக்கு நான் பார்த்த பெண்களை எனக்கே பிடிக்கவில்லை. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அவனுக்கு மின்சார வேலை. திங்கட்கிழமை விடியலில் மோட்டார் சைக்கிளில் போனால் வெள்ளி மாலைதான் வருவான். வரும்போது மூக்கு ஒழுகிக்கொண்டே வருவான். மேலே வளைவுகளில் பனி சட்டைக்குள் இறங்குகிறது என்று சொல்லி, ஒரு ஸ்வெட்டர் பின்னித் தரும்படி அவன்தான் கேட்டான். வாயைத் திறந்து என்னிடம் ஒன்றைக் கேட்கிற பிள்ளையல்ல அவன். அதனால் பெரிதாகவே செய்ய நினைத்தேன்.

பக்கத்து வீட்டு நசீமாவிடம் போனேன். கணவரை இழந்தவர். ஒரே மகள் கலகெதரையில் கல்யாணம் முடித்துப் போய்விட்டதால் தனியாக இருந்தார். இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி என்று வரும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில், வேலியில் ஒரு சின்னப் படலைக் கதவு உண்டு. நான் வேலைக்குப் போகும்போது என் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுப்பேன். சாவி மாறிப் போகாமலிருக்க அவர் அதில் பச்சைக் கம்பளி நூலில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

நசீமா நன்றாகப் பின்னுவார். ஆனால் அவருடையது தளர்ந்த கை, கண்ணிகள் பெரிது பெரிதாக விழும். என்னுடையது இறுக்கமான கை. நூலைப் பிடித்து இவ்வளவு இழுக்காதீங்க, அதுக்கும் மூச்சு விடணும் என்று அடிக்கடி சொல்வார். நான் அவருடைய பின்னலைக் கொசுவலை என்று கேலி செய்வேன். பத்து வருடமாக எங்கள் பேச்சு இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குத் தீபாவளி இல்லை

புது மாதிரி ஒன்று அவருடைய போனில் கிடைத்தது. சாதாரணமாக நாங்கள் கீழிருந்து மேலே பின்னுவோம். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, இரண்டு கை, கடைசியில் தைத்துச் சேர்ப்பது. வீடியோவில் இருந்த வெள்ளைக்காரப் பெண் தலைகீழாகக் கழுத்தில் தொடங்கினாள். பிளாஸ்டிக் கயிற்றால் இணைத்த இரட்டை ஊசியில் கழுத்துக்கு வேண்டிய கண்ணிகளைப் போட்டு, வட்டமாகச் சுற்றிச் சுற்றி இறங்கினாள். நான்கு இடத்தில் அடையாளம் வைத்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, அந்த அடையாளத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுக் கண்ணி கூடும். கழுத்திலிருந்து அக்குள்வரை நான்கு கோடுகள் சாய்வாகத் தானே விழும். இதற்கு ராக்லன் என்று பெயராம். தோளில் தையலே கிடையாது.

முன்பக்கத்தில் இரண்டு சடைகள். ஆறு கண்ணியில் மூன்றைச் சின்ன ஊசி ஒன்றில் ஏற்றி முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த மூன்றைப் பின்னினால் சடை ஒரு பக்கம் சாயும். பின்னால் நிறுத்தினால் மறுபக்கம் சாயும். எட்டுச் சுற்றுக்கு ஒரு முறுக்கு. இரண்டு சடையும் ஒன்றையொன்று பார்த்தபடி இறங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்தப் பெண் கொஞ்சம் பின்னுவாள், பிறகு ஊசியோடு சேர்த்து அதைத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பாள். இந்த முறையின் நன்மையே அதுதான். பாதியில் போட்டுப் பார்க்கலாம், பிழை இருந்தால் அங்கேயே பிரிக்கலாம்.

"இந்தா பாருங்க, இவ போட்டுப் பார்க்கிறா" என்றார் நசீமா. "தம்பி வெள்ளிக்கிழம வந்தா அவருக்கும் ஒருக்கா போட்டுப் பாருங்களே."

"அவளுக்குத் தீபாவளி இல்ல" என்றேன் நான்.

எங்கள் வீட்டில் புது உடுப்பு வந்தால் நேராக அலுமாரிக்குப் போகும். நல்ல நாளன்று காலையில் ஓரத்தில் மஞ்சள் தொட்டு, சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் உடம்பில் படலாம். அதற்கு முன்னால் யாராவது போட்டுவிட்டால் அது பழசு. அம்மா இதில் மிகக் கண்டிப்பு. எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது தீபாவளிக்கு நான்கு மாதம் முன்னாலேயே ஒரு நீலக் கவுன் தைத்து வந்துவிட்டது. தினமும் அலுமாரியைத் திறந்து, பூச்சி உருண்டை வாசத்தோடு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவேன். தீபாவளியன்று பார்த்தால் முதுகில் பொத்தான் பூட்டவில்லை. நான்கு மாதத்தில் நான் வளர்ந்துவிட்டேன், கவுன் வளரவில்லை. அம்மா பின்னால் சேஃப்டி பின் குத்திவிட்டு, கையை மட்டும் தூக்காதே என்றார். அன்று முழுக்கக் கையைத் தூக்காமல் முறுக்குத் தின்றேன்.

அதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். குமாரின் ஸ்வெட்டரையும் தீபாவளிக்கென்று வைத்தேன். அளவுக்கு அவனைக் கூப்பிடவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய சட்டையை எடுத்து மார்பு, தோள், காலர் எல்லாவற்றையும் நாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதினேன். பிலிமத்தலாவையில் ஒரு கடையில் நல்ல சாம்பல் நிற நூல் கிடைத்தது. அந்த வாரமே கழுத்துக்குக் கண்ணி போட்டுவிட்டேன்.

ஐந்தாவது முறுக்கு

தோள் பகுதி அக்குளை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார் தான் ருமேனியாவுக்குப் போகப் போவதாகச் சொன்னான். ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. தாள்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டதாம். தீபாவளி முடிந்ததும் பயணம் என்றான்.

நான் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன்.  கடைசியில், அங்கே குளிர் மடுல்கெல்லையைவிட மோசமாம், ஸ்வெட்டர் அதற்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்டான்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு வார இறுதியும், ஒரு தடவை தலையில் மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். தீபாவளிக்குத்தான் என்றேன். அதில் மஞ்சளும் சாமியும் பாதிதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஸ்வெட்டர் என் மடியில் ஊசியோடு இருக்கும்வரை அவன் எங்கேயும் போய்விட மாட்டான் என்று மனது ஒரு கணக்குப் போட்டது. போட்டுப் பார்த்துச் சரியாக இருந்துவிட்டால் அவன் போவதற்கு நானே சரி சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் அந்த ஒரு நிமிடத்தை அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

பயணம் முன்னுக்கு வந்தது. தீபாவளிக்கு எட்டு ஒன்பது நாள் முன்னாலேயே போக வேண்டும் என்றார்கள். நான் வேகம் பிடித்தேன். அப்படிப் பின்னிக்கொண்டிருந்த ஒரு வெள்ளி மாலை, இடப்பக்கச் சடையில் ஐந்தாவது முறுக்கு மறுபக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டேன். மேலே நான்கும் சரி, கீழேயும் சரி, அது ஒன்று மட்டும் பிழை. அந்த இடத்தைச் சுற்றி ஏழெட்டுக் கண்ணிகள் பெரிதாகத் தளர்ந்து கிடந்தன.

அது என் கை இல்லை. யாருடைய கை என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. சாவியும் அவரிடம்தான் இருந்தது.

படலையைத் தள்ளிக்கொண்டு போனேன். நசீமா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரை விரித்துக் காட்டி, நான் இல்லாத நேரம் இதைத் தொட்டீர்களா என்று கேட்டேன். தேங்காயைக் கீழே வைத்தார். பிறகு "ஓ, தொட்டேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் கையில் ஒட்டிய துருவலைத் தட்டிவிட்டார். என் வேலையைத் திருத்துவதற்கு உங்களை யார் கூப்பிட்டது, புறாக்கூண்டு மாதிரி கண்ணி விடுகிறவர் என் சடையில் கை வைப்பதா என்று குரல் ஏறிவிட்டது.

"பிழைன்னா பிழைதான் சாந்தி" என்றார். "ஆனா அந்தக் கழுத்த ஒருக்கா பாருங்க. இறுக்கமா ஈக்கிற மாதிரி விளங்குது."

தான் பிடிபட்ட நேரத்தில் என் பின்னலில் குறை சொல்கிறாரே என்று எனக்கு இன்னும் ஏறியது.

"என் வீட்டுச் சாவியத் தாங்க" என்றேன்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எடுத்து வந்து தந்தார். பச்சை நூல் முடிச்சு அப்படியே இருந்தது. பத்து வருடத்துச் சாவி. நான் நன்றி கூடச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு குமாரும் மெதுவாக ஆரம்பித்தான். கழுத்து கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லம் இல்லையா என்றான். பின்னுவது நானா நீயா என்று கேட்டேன். சரிக்கா என்று எழுந்து போய்விட்டான். பிழையான முறுக்கைப் பிரிக்க நேரம் இருக்கவில்லை, அதை அப்படியே விட்டு உடம்பையும் கைகளையும் முடித்தேன். வேன் வந்த காலையில் என்ன நடந்தது என்பதைத்தான் தொடக்கத்தில் சொல்லிவிட்டேனே.

திரும்பாத கிண்ணம்

ஞாயிறு பிற்பகல்களில் குமார் போனில் முகம் காட்டுவான். முதல் குளிர்காலம் முழுக்க ஒரு கறுப்பு ஜாக்கெட்டில்தான் வந்தான். ஸ்வெட்டர் எங்கே என்று ஒரு தடவையும் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு பிடிவாதம் வேண்டும், அது என்னிடம் தாராளமாக இருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, சரி வை என்று முடித்துவிடுவேன்.

நசீமாவும் நானும் ஒரே மழைக்குத் துணி எடுக்க வெளியே வருவோம். அவர் பார்ப்பார், நான் கொடியைப் பார்ப்பேன். படலைக்கு முன்னால் ஒரு பூச்சட்டியை இழுத்து வைத்தேன். செவ்வந்தி வைத்தால் அங்கே வெயில் நன்றாகப் படும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் முன் கேற்றில் சத்தம் கேட்டது. நசீமா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இனிப்பான வட்டிலப்பத்தோடு நின்றார். மகளோடு இருக்கக் கலகெதரைக்கே போகிறாராம், வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டதாம். அந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வாங்க என்றார். நான் கேற்றைத் திறக்கவில்லை. மேலால் கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, சரி, போயிட்டு வாங்க என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். எதையோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனார்.

அந்தக் கிண்ணம் ஒரு வருடத்துக்கு மேல் என் அடுப்படித் தட்டில் இருந்தது. வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். போடுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கழுத்து

இரண்டாவது குளிர்காலம். நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு ஞாயிறு போனைத் திறந்தால் குமார் சாம்பல் நிற ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஆனால் கழுத்து சிவப்பு. என்னுடைய கழுத்து இல்லை. அகலமாக, மெத்தென்று, வேறு யாரோ பின்னிய சிவப்புக் கழுத்து.

"அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றான். "கோபப்படாம கேளுங்க."

போனை நிமிர்த்திப் பிடித்தேன். அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

விசா வேலையாக அவன் ஒரு புதன்கிழமை கண்டிக்கு வந்திருக்கிறான். நான் அலுவலகத்தில். நசீமாவிடம் சாவி வாங்கி வீட்டைத் திறந்திருக்கிறான். கதிரையில் ஸ்வெட்டர் ஊசியோடு கிடந்திருக்கிறது. இத்தனை வாரம் கேட்டுக் கிடைக்காத ஒரு நிமிடத்தைத் தானே எடுத்துக்கொண்டு தலையில் மாட்டியிருக்கிறான். காதுவரை வந்து நின்றுவிட்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இழுத்த இழுப்பில் ஊசியின் ஒரு முனையிலிருந்து கண்ணிகள் கழன்று ஓடியிருக்கின்றன. தலையில் அதை மாட்டிக்கொண்டே, கண் தெரியாமல், படலையைத் தடவிக்கொண்டு நசீமாவின் அடுப்படிக்குப் போயிருக்கிறான்.

நசீமா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு பக்குவமாகக் கழற்றி எடுத்து, ஓடின கண்ணிகளைக் கொக்கி முனை உள்ள குரோஷே ஊசியால் ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறார். சடை ஒரு முறுக்கைத் தாண்டி மேலே வரை அவிழ்ந்திருந்தது. அதை எந்தப் பக்கம் மடிப்பது என்று அந்த அவசரத்தில் இருவருக்கும் பிடிபடவில்லை. நான் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மடித்துப் பின்னி, கொண்டுபோய்க் கதிரையில் வைத்துவிட்டார்கள்.

"நீங்க சாவிய வாங்கிட்டு வந்த அன்னைக்கே நான் சொல்றேன்னு நின்னேன்" என்றான் குமார். "நசீமாக்காதான் வேணாம்னாங்க. 'நீ போற புள்ள, அக்காவோட சண்ட புடிச்சிட்டுப் போகாத. எனக்கென்ன, பக்கத்து வீடுதானே, ஒரு கிழமைல ஆறிரும்'னாங்க."

ஒரு வாரத்தில் ஆறவில்லை. நான் பூச்சட்டியை இழுத்து வைத்தேன்.

அவனுக்குக் கேட்காத மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "கழுத்து இறுக்கம்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேனேக்கா" என்றான்.

சொன்னான்தான். நசீமாவும் சொன்னார். என் முகத்துக்கு நேரே இரண்டு பேர் சொன்னார்கள், இரண்டு பேரையும் வாயை மூட வைத்தேன். காலருக்குப் பொத்தான் இருக்கிறது, ஸ்வெட்டருக்கு இல்லை, அது தலை வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். நான் காலர் அளவில் கழுத்துப் போட்டிருந்தேன். போதாததற்குச் சடை நடுவில் துணியை இழுத்துச் சுருக்கும். கழுத்தில் தொடங்கும் பின்னலில் முதலில் செய்த பிழை அது. ஐந்து மாதம் அதன் கீழே அழகாகப் பின்னிக்கொண்டு போயிருக்கிறேன்.

வேன் வந்த காலையைப் பற்றியும் சொன்னான். போட்டிருந்தால் வாசலிலேயே தலையில் மாட்டிக்கொண்டு நின்றிருப்பானாம். புறப்படுகிற நேரத்தில் நான் அழுவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லையாம். அவன் என்னைக் காப்பாற்றத்தான் வெயில் என்று பொய் சொன்னான். நான் அவனை வழியனுப்பாமல் கோப்பை கழுவப் போனேன்.

சிவப்புக் கழுத்தைப் பின்னியவள் அவர்கள் விடுதியில் சமைக்கிற மரியா. பெட்டியின் அடியில் கிடந்ததைப் பார்த்து, ஏன் போடுவதில்லை என்று கேட்டிருக்கிறாள். இவன் தலையில் மாட்டிக் காட்டியிருக்கிறான். அவள் கத்தரிக்கோலால் கழுத்துக்குக் கீழே ஒரு வரிசையை வெட்டி, கண்ணிகளை ஊசியில் பிடித்து, கூட வேண்டியதைக் கூட்டி மேல்நோக்கிப் பின்னிக் கொடுத்திருக்கிறாள். சாம்பல் நூல் அவளிடம் இருக்கவில்லை. சமையலறையில் இவனை உட்கார வைத்து நாலு தடவை தலையில் மாட்டிப் பார்த்தாளாம்.

நாலு தடவை. என் தம்பியின் தலை எவ்வளவு பெரிது என்பது ஒரு ருமேனியாக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. அவன் போனைக் கீழே இறக்கி அடியோரத்தில் மஞ்சள் கறையைக் காட்டினான், இன்னும் போகவில்லை. பிறகு இடப்பக்கச் சடையில் ஐந்தாவது முறுக்கில் விரலை வைத்தான்.

"இத மட்டும் மரியா பிரிக்கவான்னு கேட்டா. வேணாம்னுட்டேன்."

கலகெதர பஸ்

மிஞ்சிய சாம்பல் நூல் இரண்டு உருண்டை அலுமாரியில் இருந்தது. பிலிமத்தலாவைக்குப் போய் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். திங்கட்கிழமையே நசீமாவுக்கு ஒரு ஸ்வெட்டர் தொடங்கினேன். கழுத்தை அகலமாகப் போட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமையில் தோள் பாதிவரை வந்தது. சனிக்கிழமை கேசரி கிண்டி, அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, பின்னலையும் பையில் வைத்துக்கொண்டு கலகெதர வழியாகப் போகும் குருநாகல் பஸ்ஸில் ஏறினேன்.

மகள் வீடு பிரதான வீதிக்குச் சற்று உள்ளே. நசீமா மெலிந்திருந்தார். வாங்க வாங்க என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். மகளிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். கிண்ணத்தைப் பார்த்து, இது இன்னும் ஈக்கிதா என்றார்.  பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது.

"குமார் எல்லாம் சொல்லிட்டான்" என்றேன். "நான் உங்கள சந்தேகப்பட்டது பெரிய பிழை. சாவிய வாங்கினது அதவிடப் பிழை."

நசீமா முக்காட்டின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். "தம்பி சண்டயில்லாம போகட்டும்னு நெனச்சேன்" என்றார். "அவர் போனப்புறம் சொல்லலாம்னுதான் வட்டிலப்பத்தோட வந்தேன்."

நான் திறக்காத கேற்றுக்கு மேலால் அவர் நின்ற நிலை எனக்குள் திரும்ப வந்தது. அன்றைக்கு உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். எங்கள் வயதில் ஒரு வருடம் சின்ன விஷயமல்ல.

பையிலிருந்து பின்னலை எடுத்தேன். இந்தத் தடவை கண்ணிகளை ஊசியிலிருந்து ஒரு நீள நூலுக்கு மாற்றி முடிச்சுப் போட்டிருந்தேன், கழன்று ஓடாது. தீபாவளிக்கும் காத்திருக்கவில்லை, மஞ்சளும் கொண்டுவரவில்லை. போட்டுப் பாருங்க என்றேன். நசீமா முக்காட்டை எடுத்துக் கதிரை முதுகில் போட்டுவிட்டுக் குனிந்தார். நான் மாட்டிவிட்டேன். நெற்றியில் கொஞ்சம் நின்றது. அவர் இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். கழுத்துக்கு வந்துவிட்டது.

"எப்பிடி?" என்றேன்.

"நல்லா ஈக்கி" என்றார். "அளவா ஈக்கி."

இரண்டு காதும் சிவந்திருந்தன. கண்ணில் நீர் நின்றது, நரைத்த முடி கலைந்து கிடந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவசரமாக முடியைக் கோதிக்கொண்டு இன்னொரு தடவை நல்லா ஈக்கி என்று சிரித்தார். என் மேசைக்கு முன்னால் படிவத்தோடு நின்ற சனங்களும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

பக்குவமாகக் கழற்றி எடுத்தேன். முடிச்சை அவிழ்த்து அந்த நீள நூலை உருவிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னிய நூலை இழுத்தேன். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து மடியில் விழுந்தது. நசீமா பதறிப்போய் என் கையைப் பிடிக்க வந்தார், பரவாயில்லை என்றேன். கழுத்துவரை பிரித்து முடித்து, வெறும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"இப்ப பிரிச்சத விட எத்தன கண்ணி கூடப் போடட்டும்? நீங்க சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். தேத்தண்ணி வந்தது, அதை வாங்கி வைத்தார். அப்புறம்தான், மெதுவாக, "இன்னும் எட்டு" என்றார்.

நான் பதினாறு போட்டேன்.